ஸ்கூலுக்கு உதவிக்குக் கூப்பிட்டிருக்காங்களா? என்ன டிரஸ் போடுவது, எதைத் தவிர்ப்பது?

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி. மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ்ஸிடமிருந்து மெசேஜ் வருகிறது. ‘சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே. உதவிக்கு ஆறு பேரன்ட்ஸ் வேணும்.’

பத்து நிமிடத்தில் ஆறு கட்டைவிரல்கள் விழுந்துவிடும். அதன் பிறகு குரூப் அமைதி. பேச்சு தனித்தனி சாட்டுகளுக்கு நகர்ந்துவிடும். ‘நீங்க சேலையா, சுடிதாரா?’, ‘ஜீன்ஸ் போட்டா ஏதாவது சொல்லுவாங்களா?’, ‘போன தடவை ஒருத்தங்க ஸ்லீவ்லெஸ்ல வந்தாங்களே, ஒண்ணும் சொல்லலையே?’ அப்பாக்களின் சாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சின்ன விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் பள்ளிக்குள் பெற்றோர் கால் வைப்பது இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் சடங்காக இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் 2022இல் புதிதாக அமைக்கப்பட்டன, 2024இல் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. தனியார் பள்ளிகளில் ஆண்டு விழா, கண்காட்சி, சுற்றுலா, கதை சொல்லும் நேரம் என்று பெற்றோரைக் கூப்பிடாத மாதமே இல்லை.

ஆக, ‘என்ன போட்டுக்கிட்டுப் போறது?’ என்ற கேள்வி லட்சக்கணக்கான வீடுகளின் கேள்வி. சில வீடுகளில் அது ஐந்து நிமிடக் குழப்பம். வேறு சில வீடுகளில், ‘நான் வரலை, நீயே பார்த்துக்கோ’ என்று அம்மா ஒதுங்கிவிடுவதற்கான காரணம்.

முதலில், சட்டம் ஏதாவது சொல்கிறதா?

பெற்றோருக்கு என்று சட்டத்தில் உடை விதி எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் குழுவில் யார் யார் இருக்க வேண்டும், என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிறது. என்ன உடுத்தி வர வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

பலர் குழப்பிக்கொள்வது அரசு ஊழியர்களுக்கான உத்தரவோடு. 2019இல் தமிழக அரசு வெளியிட்ட அந்த உத்தரவில், பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றையும், ஆண்கள் சட்டை பேன்ட் அல்லது வேட்டியையும் அணியலாம் என்று இருந்தது. அது சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்கானது. உதவிக்கு வரும் அம்மாவையோ அப்பாவையோ அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘ஸ்கூலில் எதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்?’ என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் ஓரளவு உதவும்.

தமிழ்நாட்டில் உடைக்காக ஒரு தனிச் சட்டமே உண்டு. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனைச் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடை அணிந்து வருபவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கிளப், தியேட்டர், மால், ஹோட்டல் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஆனால் நீதிபதிக்கே வாசலில் அந்தக் கதி என்றால், டெய்லரிங் யூனிட்டிலிருந்து நேராக வரும் ஓர் அப்பாவுக்கு ஸ்கூல் கேட் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தனியார் பள்ளிகள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்வதுண்டு. ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ், நைட்டி கூடாது என்ற வகை அறிவிப்புகள் டைரியின் முதல் பக்கங்களில் இருக்கும். யாரும் படிக்காத பக்கங்கள். உதவிக்குப் போவதற்கு முதல் நாள் ஒரு தடவை புரட்டிவிடுவது நல்லது. வாசலில் நின்று வாக்குவாதம் செய்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது உங்கள் பிள்ளை.

எங்கே உட்காரப் போகிறீர்கள்?

‘எது அழகு?’ என்று பீரோவைத் திறப்பதைவிட ‘அங்கே என்ன வேலை?’ என்று கேட்டுக்கொண்டு திறந்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்னும் சரியாகச் சொன்னால், எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். சின்ன வகுப்புகளில் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தரையில்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் குழுக்களாக அமர்ந்து அட்டை, மணி, குச்சி, பாட்டு என்று படிக்கிறார்கள். தனியார் பள்ளி எல்கேஜியிலும் பாய் விரித்து வட்டமாகத்தான் உட்கார்வார்கள். அங்கே கதை வாசிக்கப் போகும் பெரியவருக்கு மட்டும் நாற்காலி போட்டால், கதையில் பாதி காற்றோடு போய்விடும்.

டைட்டான ஜீன்ஸில் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், கால் மரத்துப்போகும். லோ வெய்ஸ்ட் பேன்ட் என்றால் குனியும்போதெல்லாம் கை பின்பக்கம் போகும். முழங்கால் அளவு ஸ்கர்ட் கஷ்டம். தொளதொளப்பான சுடிதார், குர்தாவுடன் பலாசோ, காட்டன் சேலை ஆகியவை தாராளமாக வேலை செய்யும். ஆண்களுக்குக் காட்டன் பேன்ட்டும் சட்டையும் போதும். வேட்டியும் தரைக்கு ஏற்றதுதான், கட்டிப் பழகியவர்களுக்கு. வருடத்துக்கு ஒருமுறை கல்யாணத்துக்கு மட்டும் கட்டுபவர் என்றால் ஒட்டிக்கொள்ளும் வகை வேட்டியோ பெல்ட்டோ இல்லாமல் முப்பது குழந்தைகளுக்கு நடுவே எழுந்து உட்காரும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். இன்னொன்று, வெயில், வேலை என்று வேட்டியை மடித்துக் கட்டும் பழக்கம் இருப்பவர்கள் வகுப்பறைக்குள் நுழையும்போது இறக்கிவிட வேண்டும். ஆசிரியர் முன்னால் மடித்துக் கட்டி நிற்பதை இன்றும் மரியாதைக் குறைவாகவே பார்ப்பார்கள்.

சேலை கட்டினால் வழக்கத்தைவிட இரண்டு பின் கூடுதலாகக் குத்திக்கொள்ளுங்கள். முந்தானை பறந்தால் அதன் முனை எப்படியும் ஏதாவது ஒரு யூகேஜி கையில்தான் போய் நிற்கும். கொசுவத்தை ஒரு விரல் அளவு உயர்த்திக் கட்டினால் பின்னால் நிற்கும் குழந்தை மிதிக்காது. சுடிதார் என்றால் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் செய்யலாம், அல்லது குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளலாம். கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் தொங்கவிடும் ஸ்டைல் குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஆபத்து. ஒரே இழுப்புதான்.

ஜிமிக்கி, நீளமான செயின், தாலிக்கொடி எல்லாமே சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள். ஜிமிக்கியைக் கழற்றிவிட்டுத் தோடு போட்டுக்கொள்ளலாம். கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளலாம். முனை கூரான கல் மோதிரம், கையில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை வளையல் ஆகியவை குழந்தையின் கன்னத்தில் கோடு போட்டுவிடும். பூ வைத்துக்கொண்டு போகலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. பெர்ஃப்யூம் வேறு கதை. ஜன்னல் சாத்திய ஏசி வகுப்பறையில், வீசிங் உள்ள குழந்தை ஒன்று இருந்தால்கூட அது பிரச்சினை.

பல தொடக்கப் பள்ளிகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்கிள் போட்டு, கயிறு கட்டி, கால் மணி நேரம் செலவாகும் ஷூ அன்றைக்கு வேண்டாம். சாக்ஸ் போட்டால், பெருவிரல் எட்டிப் பார்க்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு ஒரு வாரம் சிரிக்கும்.

பாக்கெட் முக்கியம். சாக்பீஸ், கத்தரிக்கோல், செல்போன், குழந்தை கொண்டுவந்து கொடுக்கும் விழுந்த பல் என்று எதையாவது வைக்க இடம் தேவைப்படும். பாக்கெட் வைத்த குர்தி இருந்தால் அதுதான் அன்றைய உடை. சேலைக்காரர்களுக்குப் பாட்டிகளின் சுருக்குப்பை இருக்கிறது.

மைதானம், மேடை, பஸ்

ஸ்போர்ட்ஸ் டேவில் மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்புப் பொடி கறுப்பு பேன்ட்டை முதலில் பதம் பார்க்கும். வெளிர் நிறக் காட்டன், முழுக்கை, தொப்பி, பின்னால் வார் உள்ள செருப்பு அல்லது ஷூ ஆகியவை போதும். ஹீல்ஸ் மண்ணில் புதையும். கடைசியில் ‘பேரன்ட்ஸ் ரேஸ்’ என்று ஒன்று நிச்சயம் வைப்பார்கள். ‘நான் ஓடப் போறதில்ல’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்பார்கள். சேலையில் ஓடுவதில் தவறில்லை, கொசுவத்தை இடுப்பில் செருகிவிட்டு ஓடுங்கள்.

ஆண்டு விழாதான் சிக்கலானது. பார்வையாளராகப் போனால் பட்டுச்சேலை கட்டலாம், கட்டவும் வேண்டும், அது பிள்ளையின் திருவிழா. மேக்கப் ரூமில் உதவிக்குப் போனால் நிலைமை வேறு. நாற்பது குழந்தைகளுக்கு ஃபவுண்டேஷன், மை, லிப்ஸ்டிக். ஒவ்வொன்றும் உங்கள் மேல் கை துடைக்கும். ‘ஆன்ட்டி, ஜிப் பிஞ்சிருச்சு’ என்று ஒன்று, ‘பாத்ரூம் வருது’ என்று காவடி கட்டிய ஒன்று. அடர் நிறத்தில், துவைத்தால் போகும் துணியில், கறை பட்டாலும் மனசு வலிக்காத எதையாவது போடுங்கள். சேஃப்டி பின்களை ஒரு கொத்தாகத் துப்பட்டா ஓரத்தில் கோத்துக்கொண்டால் அன்றைக்கு நீங்கள்தான் ஹீரோ. பட்டுச்சேலையைப் பையில் எடுத்துப் போய், வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளும் அம்மாக்களும் உண்டு. நல்ல யோசனை.

சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் பளிச் நிறம். மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை. வண்டலூர் உயிரியல் பூங்காவின் கூட்டத்தில் எட்டு வயதுக் குழந்தை உங்களைத் தேடும்போது, உங்கள் முகத்தைவிட உடையின் நிறத்தைத்தான் முதலில் தேடும். உதவிக்கு வரும் ஐந்து பேரும் ஒரே நிறத்தில் வந்தால் இன்னும் நல்லது. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையின் சரிவு வழுக்கும், பிடிமானம் உள்ள அடிப்பாகம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் என்றால் செருப்பு வெளியே, கல் தரை மதியத்தில் தோசைக்கல். உங்களுக்கும் குழந்தைகளுக்கும் சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையல் கூடத்தில் கை கொடுக்கப் போகிறவர்கள் பாலியஸ்டர், ஜார்ஜெட் பக்கம் போகவே கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். காட்டன், கையை மடித்துவிட முடிகிற சட்டை, கட்டிய முடி. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு ஏப்ரன் கேளுங்கள்.

கம்பெனி டீ-ஷர்ட்டோடு வருபவர்கள்

வார இறுதியில் ஐடி நிறுவனத்தின் சார்பில் அரசுப் பள்ளிக்குச் சுவர் வரையப் போகிறவர்கள், பழைய மாணவராக வேலைவாய்ப்பு பற்றிப் பேசப் போகிறவர்கள் இப்போது நிறைய. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் அரசுப் பள்ளிகளோடு இணைக்கத்தான் வந்தது.

லோகோ போட்ட டீ-ஷர்ட் தவறில்லை. யார் வெளியாள் என்று ஆசிரியருக்கு உடனே தெரியும், அது பாதுகாப்புக்கும் நல்லது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை மட்டும் குனியும்போது பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழந்தையின் நெற்றியில் டிங் டிங் என்று அடிக்கும். கிழிந்த ஜீன்ஸ் ஃபேஷன் என்பது உங்களுக்குத் தெரியும். கிழிந்த யூனிஃபார்மைத் தைத்துப் போட்டு வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

கரியர் பற்றிப் பேசப் போகிறவர் கோட் சூட்டில் போக வேண்டுமா? ‘எங்க ஊர்ல இருந்துதான் இந்த அண்ணனும் போயிருக்கார்’ என்று பத்தாம் வகுப்பு நினைக்க வேண்டும் என்றால், ஆபீஸுக்குத் தினமும் எதைப் போட்டுப் போகிறாரோ அதுவே சரி. அயர்ன் மட்டும் பண்ணியிருந்தால் போதும்.

நிறம் பேசும்

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இது. இங்கே வேட்டியின் கரைக்கு அரசியல் உண்டு. கட்சிக் கரை வேட்டி கட்டிய அப்பா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குள் நுழைந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அறையில் இருப்பவர்களின் பேச்சு மாறிவிடும். தலைமை ஆசிரியர் எழுந்து நிற்பார். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த அம்மா, சொல்லாமலே போய்விடுவார். அன்றைக்கு மயில்கண் கரையோ சாதாரண வெள்ளை வேட்டியோ கட்டிக்கொண்டு வரலாமே. அங்கே அவர் வருவது ஒரு பிள்ளையின் அப்பாவாக.

இதைவிடக் கடுமையானது கையில் கட்டும் கயிறு. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டி வருவது பற்றி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பும் நிலை வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றுடன் வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்க்கச் சொல்லும்போது பெரியவர்களின் மணிக்கட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு வரும் மாமா கையில் அதே நிறக் கயிறு, டீ-ஷர்ட்டில் சாதித் தலைவர் படம் என்றால், ‘இவர் நம்ம ஆளு’ என்று ஒரு பாதி, ‘இவர் நம்ம ஆளு இல்ல’ என்று மறு பாதி என வகுப்பு சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அந்த ஒரு நாள் அதைக் கழற்றி வைப்பது மேலே சொன்ன ஜிமிக்கி, பெர்ஃப்யூம் எல்லாவற்றையும்விட அவசியம்.

நடிகர் படம் போட்ட டீ-ஷர்ட்டா? போடலாம். ஆனால் கதை வாசிக்கப் போன நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

நைட்டியும் சட்டை போட்ட சேலையும்

உடை பற்றிப் பேசும்போது பெரும்பாலான ‘டிப்ஸ்’ கட்டுரைகள் பீரோவில் பத்து சேலை தொங்கும் வீட்டை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பள்ளிக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் வேறு வீடுகளில் இருக்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. அந்த நேரத்தில் நூறு நாள் வேலையில் இருக்கும் அம்மா, சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மண் வெட்டிக்கொண்டிருப்பார். வெயிலும் மண்ணும் படாமல் காக்கும் உடை அது. கிராமப்புறத் தமிழ்நாட்டின் உண்மையான ஒர்க் யூனிஃபார்ம் என்றே சொல்லலாம். கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய், குளித்து, மாற்றி, பிறகு பள்ளிக்கு நடக்க வேண்டும். அதற்குள் கூட்டம் முடிந்து கையெழுத்து நோட்டு வீடு தேடி வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்தவரின் தலையிலும் தோளிலும் பஞ்சு இருக்கும். மீன் விற்கும் அம்மாவுக்கு வாசனை பற்றிய கவலை. நகரத்துக் குடியிருப்பில் நைட்டியும் தோளில் துண்டுமாகத் தண்ணீர் லாரிக்கு நிற்கும் அம்மா, எதிர்ச்சாரியில் இருக்கும் பள்ளிக்குள் அப்படியே போக மாட்டார்.

நைட்டி மேல் ஊருக்கு இருக்கும் கோபம் தனிக் கதை. 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி கிராமப் பெரியவர்கள், பகலில் நைட்டி போட்டு வெளியே வரும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு வேறு. உடம்பை முழுக்க மூடும், துவைக்க எளிதான, மலிவான உடை என்பதால்தான் பெண்கள் அதைப் போடுகிறார்கள். ஆனாலும் ‘படுக்கையறை உடை’ என்ற முத்திரை போகவில்லை.

வெளிநாடுகளிலும் இதே சண்டைதான். 2016இல் இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, ‘பிள்ளைகளை விட வரும்போது பைஜாமாவில் வராதீர்கள்’ என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பலர் பாராட்டினார்கள், சிலர் வேண்டுமென்றே பைஜாமாவில் வந்து நின்றார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளி, பெற்றோருக்கே உடை விதி போட்டது. பைஜாமா, லெகிங்ஸ், தலைமுடிக்குப் போடும் சாட்டின் தொப்பி எல்லாம் கூடாது. மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய், தலையில் துணி கட்டி டீ-ஷர்ட் கவுன் அணிந்திருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். ஏழைகளும் கறுப்பினத்தவரும் அன்றாடம் அணிவதைப் பார்த்தே விதி எழுதப்பட்டிருக்கிறது என்ற விமர்சனம் கடுமையாக எழுந்தது.

அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதினால் நைட்டி, லுங்கி, சேலைக்கு மேல் சட்டை என்றுதான் வரும். ஹூஸ்டனில் காகிதத்தில் இருந்தது இங்கே பார்வையில் இருக்கிறது. எந்தத் தலைமை ஆசிரியரும் ‘லுங்கியில் வராதே’ என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை, செக்யூரிட்டி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தால் போதும்.

நேர்மாறான உதாரணமும் இங்கேயே உண்டு. கொரோனா இடைவெளியை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவின் அக்காக்கள். ஒரு கட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். வீட்டு வேலை முடித்து, முகம் கழுவி, கட்டியிருந்த சேலையோடோ போட்டிருந்த சுடிதாரோடோ வந்து உட்கார்ந்தவர்கள். குழந்தைகள் அவர்களிடம்தான் கூட்டலும் கழித்தலும் படித்தார்கள்.

‘அம்மா, அதைப் போட்டுட்டு வராதே’

சங்கடம் பள்ளியிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அம்மா எதைப் போட்டு வந்தாலும் அம்மா வந்ததே பெரிது. ஆறாம் வகுப்புக்கு மேல் கதை மாறும். ‘அந்தப் பச்சை சுடிதார் வேண்டாம்’, ‘அப்பா, ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு உள்ளே வராதீங்க’, ‘டெலிவரி டீ-ஷர்ட்டை மாத்திட்டு வாங்க’ என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

உடையால் ஒருவரையொருவர் அளக்கும் பழக்கம் வகுப்புக்குள் வரக் கூடாது என்பதற்காகத்தான் யூனிஃபார்மே இருக்கிறது. காமராசர் காலத்தில் மதிய உணவோடு இலவசச் சீருடையும் பேசப்பட்டதன் காரணம் அது. இன்றும் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை கொடுக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கிடையே மறைத்த வித்தியாசத்தை, பெற்றோர் தினத்தன்று அம்மா அப்பாக்களின் உடை மொத்தமாக வெளியே போட்டுவிடுகிறது. அதனால் பிள்ளை வெட்கப்படுவதைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்? நிறம், மாடல் பற்றிப் பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பச்சை சுடிதாரை விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. வேலையை மறைக்கச் சொன்னால் அங்கே மட்டும் நின்று பேச வேண்டும். டெலிவரி டீ-ஷர்ட்டை மாற்ற நேரம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நேரம் இல்லாவிட்டால் அதோடு போகலாம். ‘இது அப்பாவோட வேலை டிரஸ், உன் மிஸ்ஸுக்குச் சேலை மாதிரி’ என்று முதல் நாள் இரவே சொல்லி வைத்தால், கேட்டில் வைத்துச் சொல்வதைவிட நன்றாக ஏறும்.

புதுச்சேலை எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். வேண்டாம். கடன் வாங்கி எடுத்த சேலையில் கறை படுமோ என்று பயந்துகொண்டே நிற்பவர் எந்தக் குழந்தையையும் மடியில் உட்கார வைக்க மாட்டார்.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

கூப்பிடும்போதே வேலையைச் சொல்லிவிட்டால் போதும். ‘டீசன்ட் டிரஸ்’ என்ற சொல்லை விட்டுவிடலாம், அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அர்த்தம், பெண்களுக்கு மட்டும் இரண்டு அர்த்தம். பள்ளியில் பத்து ஏப்ரன் அல்லது மேலே போட்டுக்கொள்ளும் கோட் வாங்கி வைத்தால், உதவிக்கு வருபவர் உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்பது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியாது. கைக்குழந்தையோடு வரும் அம்மாக்களுக்கு மறைவான ஒரு மூலையும் நாற்காலியும் வேண்டும். கூட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கை: நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி, பாய் என்றால் தலைமை ஆசிரியருக்கும் பாய்.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்: ‘சனிக்கிழமை காலை எட்டு முதல் பதினொன்று வரை. இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும், தரையில் உட்கார வேண்டியிருக்கும். தொப்பி, வழுக்காத செருப்பு போதும். வேலையிலிருந்து நேராக வருபவர்கள் அப்படியே வரலாம்.’

இதைப் பெற்றோர் குரூப்பில் போடும்போது, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் ஒரு ஃபார்வர்ட் அனுப்பிவிட வேண்டும். வருபவர்களை முதலில் பார்ப்பது அவர்தான்.